தலைகீழ் கியர்: கழற்றும் முன் காலைக் கேளுங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு முதல் மோட்டார் அப்பாவின் ஹோண்டா இஎக்ஸ்5, கைக் கிளட்ச் இல்லாத சிறிய கப்சாய். விடியுமுன் பால்மரம் வெட்டக் கிளம்பும் அவருடைய பூட்ஸ் பட்டுப் பட்டு, முன்மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதில் முன்னால் மிதித்தால் கியர் ஏறும். குதிகாலால் பின்மிதியை அழுத்தினால் இறங்கும். அந்தக் காலோடு கிளட்ச் மோட்டாரில் ஏறியபோது தடுமாறிவிட்டேன். அங்கே ஏற்றும்போது ஒன்றாம் கியருக்கு மட்டும்தான் மிதி. இரண்டு முதல் எல்லாவற்றுக்கும் விரலால் தூக்க வேண்டும். இதைத் திருப்பி, ஒன்று மேலே, மற்றவை கீழே என்று வைப்பதுதான் தலைகீழ் கியர்.

பந்தய வீரர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து வளைவிலிருந்து வெளியேறும்போது, தரைக்கும் கியர் லீவருக்கும் இடையே காலை நுழைத்துத் தூக்க இடம் இருக்காது. மேலிருந்து மிதிப்பது எளிது. செப்பாங் பந்தயத் தடத்தில் இந்தப் பயன் தெரியும். செம்பனை லோரிகளுக்குப் பின்னால் போகும் நம் சாலையில் அவ்வளவு சாய்வதில்லை, சாயவும் கூடாது.

ஆகவே முதலில் முடிவு செய்யுங்கள். வழக்கமான முறை காலுக்குப் பழகிவிட்டதென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். கப்சாயிலிருந்து இப்போதுதான் மாறுகிறீர்கள், மோட்டாரை நீங்கள் மட்டுமே ஓட்டுகிறீர்கள் என்றால் மாற்றிப் பார்க்கலாம். தம்பியும் அதே மோட்டாரை எடுப்பான் என்றால் வேண்டாம்.

அடுத்து, லீவரைக் குனிந்து பாருங்கள். அது எஞ்சினிலிருந்து வெளியே வரும் கியர் தண்டில் நேரடியாக மாட்டியிருந்தால் திருப்பி மாட்டிப் பயனில்லை. தனி உதிரிபாகம் தேவைப்படும். லீவருக்கும் தண்டுக்கும் நடுவே இணைப்புக் கம்பி இருந்தால் வேலை சுலபம். தண்டின் பற்களில் மாட்டியுள்ள சிறு கை கீழ்நோக்கி இருந்தால் மேல்நோக்கியும், மேல்நோக்கி இருந்தால் கீழ்நோக்கியும் திருப்ப வேண்டும். கம்பியின் இழுப்பு தள்ளலாக மாறிவிடும்.

கழற்றும் முன் தண்டிலும் கையிலும் ஒரே நேராக வெள்ளை பெயின்ட் கோடு போடுங்கள். பழையபடி மாட்ட அதுதான் வழிகாட்டி. போல்ட்டை முழுவதும் உருவிய பிறகே கையை இழுங்கள். கம்பியின் ஒரு முனை நட்டு பெரும்பாலும் எதிர்மரையாக இருக்கும். வராவிட்டால் பலம் காட்டாதீர்கள், மறுபக்கம் திருகுங்கள். திருப்பி மாட்டிய கை எஞ்சின் மூடியிலோ சட்டத்திலோ உரசக் கூடாது. கையும் கம்பியும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கட்டும். குயிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் கருவி) இருந்தால் அதன் சென்சாரையும் புதிய திசைக்கு அமைக்க வேண்டும்.

எஞ்சினை அணைத்து, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கையால் சுழற்றியபடி ஒவ்வொரு கியராக எண்ணுங்கள். ஒன்றிலிருந்து அரை மிதி மிதித்தால் நியூட்ரல்.

இனி கால் பழக வேண்டும். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மூன்றிலிருந்து நான்குக்கு ஏற்ற நினைத்து, பழக்கத்தில் தூக்கிவிட்டால் இரண்டு விழும். வேகத்தில் கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் வழுக்கும். நான் ஞாயிறு மாலைகளில் தோட்டத்துப் பந்துத் திடலில், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே மட்டும், “மிதித்தால் ஏற்றம், தூக்கினால் இறக்கம்” என்று வாய்விட்டுச் சொல்லி ஓட்டினேன். இரண்டு வாரம் பிரதான சாலைக்குப் போகவில்லை. திடீர்ப் பிரேக்கை மட்டும் தனியாகப் பழகுங்கள்: பதற்றத்தில் பழைய திசைதான் காலுக்கு வரும். குழம்பினால் கிளட்ச்சை முழுவதும் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கில் நில்லுங்கள். கியரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டாங்கின் மேல் கியர் வரிசையை எழுதி ஒட்டுங்கள். பட்டறையில் மோட்டாரை விடும்போது அண்ணனிடம் அதைக் காட்டி, வாயாலும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.