மொசைக் வேலையில் தவறு நேரும் இடங்கள்

கல், கண்ணாடி போன்றவற்றின் சிறு சில்லுகளைப் பதித்து உருவம் அமைக்கும் மொசைக் கலையைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வண்ணச் சில்லுகளைத் தேடிச் சேர்ப்பதிலும் உருவத்தைத் தேர்ந்தெடுப்பதிலுமே முழுக் கவனத்தையும் செலுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒரு மொசைக் நிலைத்து நிற்பது சில்லுகளுக்கு அடியில் உள்ள தளத்தையும், அது அழகாகத் தோன்றுவது சில்லுகள் செல்லும் வரிசையையும் அவற்றுக்கு நடுவே விடப்படும் இடைவெளியையும் பொறுத்தது. கெட்டுப்போன வேலைகளை உற்றுப் பார்த்தால், பிழை அநேகமாக இவற்றில் ஒன்றில்தான் இருக்கும்.

முன்னோர் தளத்துக்குக் கொடுத்த மதிப்பு வியப்பளிப்பது. மெசபடோமியாவின் ஊருக் நகரத்தில் கி.மு. 4ஆம் ஆயிரமாண்டிலேயே களிமண் கூம்புகளைச் செய்து, கூர்முனை உள்ளே போகும்படி ஈரமான சுவர்ப்பூச்சில் அழுத்திப் பதித்தார்கள். வெளியே தெரிந்த வட்ட முகங்களே வண்ணக் கோலங்களாயின. கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தரைத்தளத்தின் கீழ் அடுக்குக்குக் கையை நிறைக்கும் அளவுக்குக் குறையாத கற்களையும், அதன்மேல் சுண்ணாம்பு கலந்த ஜல்லியையும், அதற்கும் மேலே 3 பங்கு ஓட்டுத்தூளுடன் 1 பங்கு சுண்ணாம்பு சேர்ந்த பூச்சையும் பரிந்துரைக்கிறார். இத்தனையும் முடிந்த பிறகுதான் முதல் சில்லு வைக்கப்படும்.

இன்று நாமோ கைக்குக் கிடைத்த பலகையில் ஒட்டிவிடுகிறோம். வெயிலும் மழையும் படும் இடத்துக்கு மரப்பலகையும் பிளைவுட்டும் பொருந்தா. ஈரத்தில் மரம் உப்பும், உலர்ந்தால் சுருங்கும், ஆனால் அதன்மேல் உள்ள கல்லும் கண்ணாடியும் அதற்கேற்ப அசைவதில்லை. மரம் ஒட்டும் வெள்ளைப் பசையும் தொடர்ந்த ஈரத்தில் இளகிவிடும். நான் முதன்முதலில் செய்த மேசைப்பலகை ஒரே மழைக்காலத்தில் ஓரங்களில் உதிரத் தொடங்கியதற்கு இந்த இரண்டுமே காரணங்கள். வெளியிடங்களுக்குச் சிமெண்ட் பலகையையும் டைல் ஒட்டும் சிமெண்ட் கலவையையும் பயன்படுத்துங்கள். ஒளி ஊடுருவும் கண்ணாடிச் சில்லு என்றால் வெள்ளைக் கலவையே வேண்டும். சாம்பல் நிறக் கலவை அடியிலிருந்து தெரிந்து வண்ணத்தை மங்கச் செய்துவிடும்.

அடுத்த பிழையைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: உருவத்தின் கோட்டை வரைந்துவிட்டு, உள்ளே கிடைத்த வாக்கில் சில்லுகளை நிரப்புவது. ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். முதல் வரிசை இலையின் விளிம்பை ஒட்டி உட்புறமாகச் செல்ல வேண்டும். நடுநரம்புக்கு ஒரு வரிசை. மீதியிடம் அந்த இரண்டின் போக்கைத் தொடர வேண்டும். பின்னணியிலும் முதல் வரிசை இலையை வெளிப்புறமாக ஒருமுறை சுற்றிவந்தால்தான் உருவம் பளிச்சென்று பிரிந்து தெரியும். வளைவில் சதுரச் சில்லுகளை அப்படியே வைத்தால் ஆப்பு வடிவ இடுக்குகள் விழும். அங்கே ஒரு பக்கம் குறுகும்படி வெட்டிய சில்லுகளே பொருந்தும். இத்தாலியின் பண்டைய பாம்பேயி நகரத்து வீடு ஒன்றின் தரையில் 1831இல் கண்டெடுக்கப்பட்ட அலெக்சாண்டர் மொசைக்கில், குதிரைகளின் உடல் திரட்சியை நிறத்தோடு சேர்ந்து இந்த வரிசைகளின் போக்கும் காட்டுகிறது. சில மில்லிமீட்டர் அளவேயான சில்லுகள் புழு நெளிவதுபோல் செல்வதால், இம்முறைக்குப் புழுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே ‘ஓபஸ் வெர்மிகுலாட்டம்’ என்ற பெயர் வந்தது.

இடைவெளியைப் பற்றி யோசிக்காமல் வெள்ளை கிரவுட், அதாவது சில்லுகளின் இடுக்குகளை நிரப்பும் கலவை, பூசுவதும் பரவலான தவறுதான். வெள்ளை நிறம் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகப் பிரித்துக்காட்டி, உருவத்தைச் சிதறடித்துவிடும். நடுத்தரச் சாம்பல் நிறம் பெரும்பாலும் வண்ணங்களை எடுப்பாக்கும். உதிரித் துண்டு ஒன்றில் பூசிப் பார்த்து முடிவு செய்வது நல்லது. கிரவுட்டில் தண்ணீர் கூடினால் உலர்ந்தபின் வெடிப்பு விழும், தூளாக உதிரும். எல்லா மொசைக்குக்கும் கிரவுட் தேவை என்று எண்ணிவிடவும் கூடாது. இத்தாலியின் ராவென்னா நகரில் உள்ள 5ஆம், 6ஆம் நூற்றாண்டுத் தேவாலயச் சுவர்களில், மெல்லிய தங்கத்தகட்டைக் கண்ணாடிக்கு நடுவே வைத்துச் செய்த சில்லுகள் சற்றே சாய்வாகப் பதிக்கப்பட்டிருப்பதால்தான், நாம் நகர நகர ஒளியும் இடம் மாறி மின்னுகிறது. அத்தகைய மேடுபள்ளமான பரப்பில் கிரவுட்டை அப்பினால் அந்த மின்னல் போய்விடும்.

சில்லுகளை வெட்டும்போது கண்களைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். கல்லையும் கிரவுட் பொடியையும் கையாளும்போது முகக்கவசமும் வேண்டும், ஏனெனில் அவற்றின் நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு செய்யும்.

கிரவுட்டைத் துடைக்கும் நேரமும் கவனத்துக்குரியது. உடனே துடைத்தால் இடுக்கில் உள்ளது வெளியே வந்துவிடும்; மறுநாள்வரை விட்டால் மேற்பரப்பில் இறுகிப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததை நீக்க அமிலம் ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் அமிலத்தில் அரிக்கப்பட்டு மெருகிழக்கும் என்பதால், கல் மொசைக்கில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்; கிரவுட் லேசாக இறுகத் தொடங்கியதும், நன்றாகப் பிழிந்த ஈர ஸ்பாஞ்சால், வரிசைகளுக்குக் குறுக்காக மெதுவாகத் துடைத்தெடுங்கள்.