காளிகேசம் போகிறீர்களா? குளிப்பதற்கு முன் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக் காட்டுக்குள் ஆறு ஓடும் காளிகேசத்துக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் 'தண்ணி நல்ல குளிர்ச்சி' என்றுதான் பதில் வரும். முதல் தடவை நாங்கள் ஏழு பேர் போனபோதும் அதே கதைதான், வண்டியை விட்டு இறங்கியதும் ஆற்றில் குதித்தோம், மதியம் திரும்பினோம், ஒரு குரங்கைக்கூடப் பார்க்கவில்லை. அது கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயக் காடு, சுமார் 400 சதுர கிலோமீட்டர். யானை, மிளா மான், கருமந்திக் குரங்கு, மலையணில் எல்லாம் வாழும் இடத்தில் நாம் விருந்தாளிகள், அதற்கேற்ற மாதிரி போக வேண்டும்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. இரண்டும் ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி தொடக்கக்காரர்களுக்கு வசதி. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில் காலையிலேயே போங்கள். நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை, அங்கிருந்து ரப்பர் தோட்டங்களைத் தாண்டிக் காட்டுக்குள் ரோடு போகும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் கட்டணம் கட்டி, மேலே மழை உண்டா, யானை இறங்கியிருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். உள்ளே விட மாட்டோம் என்றால் சண்டை போடாமல் திரும்பிவிடுவதே நல்லது.

பையில் அதிகம் வேண்டாம். தண்ணீர், வழுக்காத செருப்பு, மாற்றுத் துணி, அட்டை கடித்தால் வைக்கக் கொஞ்சம் உப்பு. சாப்பிட மட்டி வாழைப்பழமும் வாழையிலையில் பொதிந்த சோறும் போதும், பிளாஸ்டிக் உறையில் எதுவும் வேண்டாம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டையும் வாசனை சென்ட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். ஆற்றங்கரைக்கு வந்ததும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். நிழலில் ஒரு பாறையாகப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்து, போனை அமர்த்திவிட்டு, பேச்சையும் நிறுத்திவிடுங்கள். முதல் பத்து நிமிடம் ஆற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இருக்காது, அப்புறம்தான் காடு நம்மை மறக்கத் தொடங்கும். இரண்டாவது தடவை போனபோது எனக்குப் பின்னால் யாரோ ஒரு பையன் வாய்க்கு வந்த ராகத்தில் சீட்டியடிப்பது போல் கேட்டது, மெதுவாகத் திரும்பினால் ஈரப்பாறையில் கருநீல நிறத்தில் ஒரு பறவை. சீகாரப் பூங்குருவி! கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரை மரத்தில் இருந்து காய்த் துணுக்குகள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தன, ஒவ்வொன்று விழும்போதும் குட்டி மீன்கள் கூட்டமாக ஓடிவந்து கொத்தின. மேலே பார்த்தால் கிளையோடு கிளையாக வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மலையணில், இரண்டு கையாலும் காயைப் பிடித்து உருட்டி உருட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் மறுபடி மறுபடி போகிறேன்.

சரி, இனி குளிக்கலாம். அடி தெரிகிற, முழங்கால் அளவுத் தண்ணீரில் மட்டும். கசம், அதாவது ஆழமான மடு இருக்கும் பக்கம் நீச்சல் தெரிந்தவர்களும் போக வேண்டாம், பாறைகளில் பாசி பயங்கரமாக வழுக்கும். சோப்பு, ஷாம்பு வேண்டவே வேண்டாம், அந்த மீன்களும் அதே தண்ணீரில்தான் இருக்கின்றன. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் மழை பெய்யலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ செருப்பைக்கூடத் தேடாமல் கரை ஏறிவிடுங்கள். காட்டாற்று வெள்ளம் நமக்கு யோசிக்க நேரம் தராது.

குரங்குக்குப் பழம் நீட்டாதீர்கள், இலையையும் தோலையும் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். வழியில் யானைச் சாணம் ஈரமாக, ஆவி பறக்கக் கிடந்தால் யானை பக்கத்தில்தான் நிற்கிறது, போட்டோ எடுக்க நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். மாலை நாலு மணிக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும், அதற்கப்புறம் அந்த ரோடு யானைகளுக்கு.