வரப்பை நம்பி சண்டைக்குப் போகாதீர்கள்

அணைக்கட்டுப் பக்கம் கழனி வைத்திருக்கும் எங்களுக்கெல்லாம் வரப்புதான் எல்லை. முதல் தவறே இதுதான், ஏனென்றால் வரப்பு நகரும். பக்கத்துக்காரர் ஒவ்வொரு போகத்துக்கும் தன் பக்கம் கொஞ்சம் செதுக்கி, அதே மண்ணை நம் பக்கம் அணைத்துவிட்டால் வரப்பின் அகலம் மாறாது, இடம் மட்டும் மாறியிருக்கும். மாமா கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும்போதுதான் கவனித்தோம், வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்த வேப்பமரம் அந்தப் பக்கம் நிற்கிறது. கேட்டால், "அது எப்பவும் இங்கதான்ணா இருந்துச்சு" என்றார் பக்கத்துக்காரர். மரமா நடந்து போகும்? 200 அடி நீள வரப்பு ஒரு அடி தள்ளினால் 200 சதுர அடி, கிட்டத்தட்ட அரை சென்ட்.

பட்டாவைக் காட்டி எல்லை பேசுவது அடுத்த தவறு. அதில் பரப்புதான் இருக்கும். கோடு எங்கே போகிறது என்பது எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தில்தான் இருக்கும். பத்திரத்தில் ஏக்கர், சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமலே இடம் குறைகிறது என்று கத்துகிறவர்கள் உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்கிற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் திட்டத்தின் காலத்திலேயே பதிவு தப்பாகியிருந்தால் எத்தனை முறை அளந்தாலும் அதே தப்புதான் வரும், அதற்கு டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) மேல்முறையீடு செய்ய வேண்டும்.

பங்காளிகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு கூட்டுப் பட்டாவிலேயே இருப்பது இன்னொரு சிக்கல். சர்வேயர் வந்தாலும் வெளி எல்லையைத்தான் காட்டுவார், நடு வரப்பு புலப்படத்திலேயே இருக்காது. முதலில் உட்பிரிவு செய்யுங்கள், அதாவது அவரவர் பங்கைத் தனி எண்ணாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தனியார் ஆளை வைத்து அளந்து அன்றைக்கே கம்பி வேலி போடாதீர்கள். நமக்குத் தெரிந்துகொள்ள அது போதும், பக்கத்துக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கட்டணம் கட்டி அரசு சர்வேயருக்கு மனு போடுங்கள், இப்போது ஆன்லைனிலேயே போடலாம். கரும்பு நிற்கும்போது மட்டும் வேண்டாம், அளக்கிற சங்கிலியை இழுக்க வழியிருக்காது.

கோபத்தில் ஜேசிபி விட்டு எல்லைக் கல்லைப் பிடுங்குவது, கேஸ் ஆவது ஒருபக்கம், நம் சாட்சியையே நாம் அழிப்பது. ஸ்டேஷனில் எழுதி வாங்குகிற பேப்பர் எல்லையைத் தீர்மானிக்காது, அது சிவில் கோர்ட் வேலை. அங்கேயும் உரிமையே தகராறில் இருக்கும்போது வெறும் தடையாணை மட்டும் கேட்டு வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வர வேண்டியிருக்கும். சரி, உறவுக்காரர்தானே என்று சும்மாவும் இருக்காதீர்கள், 12 வருஷம் நம் இடத்தை வெளிப்படையாக அனுபவித்துவிட்டால் அவரே உரிமை கொண்டாடலாம்.

மாமா கொல்லையை அளந்த அன்று சர்வேயர் சங்கிலியின் ஒரு நுனியைப் பக்கத்துக்காரர் கையிலேயே கொடுத்தார். காட்டிய இடத்தில் முள்ளை வெட்டிவிட்டுத் தோண்டினால், முழங்கால் ஆழத்தில் பழைய எல்லைக் கல். வேப்பமரத்துக்கு இரண்டு அடி அந்தப் பக்கம்.