ஜெயிலுக்குப் போகாமல் நன்னடத்தையில் வெளியே வந்தவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

குற்றம் நிரூபணமான பிறகும் ஜெயில் வேண்டாம் என்று முடிவு செய்து, நீதிபதி பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால், வீட்டில் எல்லாரும் சொல்வது ‘கேஸ் முடிஞ்சுபோச்சு’ என்பதுதான். முடியவில்லை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 4-ஆம் பிரிவின்படி தண்டனையைச் சொல்லாமல் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பத்திரத்தில் குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் 3 ஆண்டு வரை, கூப்பிட்டால் வந்து தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இதை ஜாமீனோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். ஜாமீன் தீர்ப்புக்கு முன்னால், இது பின்னால். ஏரியாவில் தகராறு வரக்கூடாது என்று போலீஸ் கேட்டு, நிர்வாக நடுவர் (ஆர்.டி.ஓ. போன்ற அதிகாரி) முன்கூட்டியே எழுதி வாங்கும் பத்திரமும் வேறு. அதற்குக் குற்றம் நிரூபணமாகத் தேவையே இல்லை.

முதல் தவறு தீர்ப்புக்கு முன்பே நடந்துவிடுகிறது: நன்னடத்தையில் விடச் சொல்லி யாரும் கேட்பதே இல்லை. இது சிறுவர்களுக்கான சலுகை என்று ஒரு நினைப்பு. 18 வயது நிரம்பாதவர்களுக்கு இளைஞர் நீதிக் குழுமம் தனியாக இருக்கிறது. இந்தச் சட்டம் பெரியவர்களுக்கும் உண்டு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக மட்டும் இருக்கக்கூடாது. 21 வயதுக்குக் குறைந்தவர் என்றால், அப்படிப்பட்ட பெரிய குற்றம் அல்லாத வழக்கில், ஜெயிலுக்கு அனுப்புவதற்குத்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். வக்கீல் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். அதற்காக எல்லா வழக்கிலும் எதிர்பார்க்கவும் முடியாது. கஞ்சா விற்ற வழக்கிலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கிலும் 18 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கும்.

அதிகம் சொதப்புவது நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வரும்போதுதான். தமிழ்நாட்டில் இவர்கள் சிறைத்துறையைச் சேர்ந்தவர்கள். கடிதத் தலைப்பில் ‘சிறை’ என்ற எழுத்தைப் பார்த்ததுமே பையனைப் பின்வாசல் வழியாக அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வேண்டாம். அவர் வந்திருப்பது பிடித்துப்போக அல்ல. இந்த ஆளை வெளியே வைத்துத் திருத்த முடியுமா என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத. யார் சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடன், படிப்பு எந்த வகுப்போடு நின்றது, சாயங்காலம் யாரோடு சுற்றுகிறான், குடி உண்டா என்றெல்லாம் கேட்பார். ‘எம் புள்ள தங்கம் சார், சகவாசந்தான் சரியில்ல’ என்று அம்மா முழுசாகப் பூசி மெழுகினால் வேலைக்கு ஆகாது. தெருமுனை டீக்கடையிலும் வீட்டுக்காரரிடமும் அவர் விசாரித்தால், பையன் வாரக் கடைசியில் குடிப்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் சொன்ன உண்மைகளையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். குடி இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப்போகத் தயார் என்று சேர்த்துச் சொன்னால், அதற்கு மதிப்பு அதிகம். அறிக்கை ரகசியமானது. ஆனாலும் அதன் சாரத்தை உங்களுக்குத் தெரிவிக்கவும், உங்கள் பக்கச் சான்றுகளைக் காட்ட வாய்ப்பு தரவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எதிரான அறிக்கை என்று தெரிந்தால் வக்கீல் மூலம் கேளுங்கள்.

பத்திரத்தோடு, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்கச் சொல்லும் ஆணையும் போட்டிருந்தால், அது குறைந்தது ஓராண்டுக்கு இருக்கும். இங்கே நம் சென்னைக்கே உரிய சிக்கல் முகவரி. கூவம் கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு மாற்றுகிறார்கள், அல்லது வாடகை ஏறியது என்று வியாசர்பாடியிலிருந்து செங்குன்றம் போய்விடுகிறீர்கள். அலுவலருக்குச் சொல்லவில்லை. சம்மன் பழைய வீட்டுக் கதவில் தொங்குகிறது, அடுத்து வருவது வாரண்ட். எந்தத் தப்பும் செய்யாமல் மாட்டிக்கொள்வது இப்படித்தான். மாறுவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று ஆணையிலேயே இருந்தால், அதை மாற்றச் சொல்லி அலுவலர் மூலம் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். பத்திரத்தில் உங்களுக்குப் பொறுப்பேற்ற ஜாமீன்தாரருக்கும் ஒரு போன் போடுங்கள். கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலை கிடைக்கவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டு அலுவலரைப் பார்க்காமல் இருப்பதும் தவறு. தகுந்த வேலை தேட முயற்சி எடுப்பதும், நஷ்டஈடு கட்டச் சொல்லியிருந்தால் அதற்கு வழி சொல்வதும் சட்டப்படி அவருடைய கடமை. நன்னடத்தைக்கென்று மதராஸ் மாகாணத்தில் 1936-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்த ஊர் இது. இன்னும் அவரைப் போலீஸ் போலப் பார்த்து ஒளிகிறோம்.

ஒரு நிபந்தனை தவறிவிட்டால் எல்லாம் போச்சு என்று ஓடிவிடாதீர்கள். முதல் தடவை என்றால் 50 ரூபாய் வரை அபராதம் போட்டுப் பத்திரத்தைத் தொடரவிடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஓடிப்போனவருக்கு அந்தத் தயவு கிடைப்பது கஷ்டம். தள்ளி வைத்த பழைய தண்டனையையே விதிக்கலாம்.

காலம் முடிந்து வேலைக்கு மனுப் போடும்போது இன்னொரு குழி இருக்கிறது. இதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, குற்றவாளி எனத் தீர்ப்பானதால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. குற்றத்தீர்ப்பை அழிப்பதில்லை. ‘குற்றவாளி எனத் தீர்ப்பு வந்திருக்கிறதா’ என்று படிவம் கேட்டால் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். பழைய திருட்டை விட, மறைத்ததுதான் வேலைக்கு உலை வைக்கும். உண்மையை எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள். நகல் வாங்க வழக்கு எண்ணும் தீர்ப்புத் தேதியும் வேண்டும் என்பதால் இரண்டையும் இப்போதே குறித்து வையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.