பெரிய தீம் பார்க்கைப் பகுதி பகுதியாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

முதன்முறையாகக் குடும்பத்தோடு ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போகிறவர்கள் பலரும் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற முதல் ராட்டினத்தின் வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். ஒரு மூலையில் ரோலர் கோஸ்டர், அது முடிந்ததும் எதிர்மூலையில் படகு, திரும்பவும் பழைய மூலைக்கு ஓட்டம். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் சின்னவள் என் தோளில் தூங்கிவிட்டாள். அன்று எத்தனை ராட்டினம் ஏறினோம் என்று இப்போதும் சொல்லிவிடுவேன். எந்த இடத்தைப் பார்த்தோம் என்றால் பதில் இல்லை.

இத்தனைக்கும் இந்தப் பூங்காக்களைக் கட்டுகிறவர்கள் அதிகம் யோசிப்பதே இடத்தைப் பற்றித்தான். காடு, கடற்கொள்ளையர் துறைமுகம், பழைய கிராமம், விண்வெளி என்று பூங்காவைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு உலகமாக முடித்துக்கொண்டு நகர்ந்தால் வீண் நடை குறையும், பிள்ளைகளுக்கும் நாள் முழுக்கத் தெம்பு இருக்கும்.

1. பூங்காவின் உருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிளம்புவதற்கு முந்தின நாளே வரைபடத்தை எடுத்து வையுங்கள். அதில் ராட்டினங்களைத் தேடாமல் பாதைகளை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒரு வடிவம் தெரியும்.

முதல் வடிவம் சக்கரம் மாதிரி. நடுவில் ஒரு திடல், அங்கிருந்து ஆரக்கால்கள் போலப் பாதைகள், ஒவ்வொரு பாதையின் முடிவிலும் ஓர் உலகம். 1955-இல் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்ட் இப்படித்தான் அமைந்தது. அங்கே திடலை ஒட்டி ஒரு கோட்டை நிற்கிறது. இந்த வகைப் பூங்காவில் வழி தவறினாலும் கவலையில்லை. உயரமான கட்டடத்தைப் பார்த்து நடந்தால் திடலுக்கு வந்துவிடலாம்.

இரண்டாவது வடிவம் வளையம். நடுவில் ஓர் ஏரி, அதைச் சுற்றி உலகங்கள். ஃப்ளோரிடாவில் 1982-இல் திறந்த எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் பகுதிகள் இருக்கின்றன. ஒரு சுற்று ஏறக்குறைய 2 கிலோமீட்டர். வளையத்தில் பாதி தூரம் போனபிறகு ஒரு குழந்தை 'போதும், திரும்பிப் போகலாம்' என்றால் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே தூரம்தான். அதனால் தள்ளுவண்டி, தண்ணீர், கழிவறை எல்லாவற்றையும் சுற்றைத் தொடங்கும் முன்பே கவனித்துக்கொள்ளுங்கள்.

பூங்காவைச் சுற்றி ரயில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் அதில் ஒரு சுற்று போய் வருவது நல்ல தொடக்கம். உட்கார்ந்தபடியே எல்லாப் பகுதிகளையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடலாம்.

2. ஆளுக்கு ஓர் உலகம்

வரைபடத்தை நடுவில் வைத்து வீட்டில் ஒவ்வொருவரையும் ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி வந்தால் அவர்களையும் சேர்த்துத்தான். தேர்வான பகுதிகளைக் கட்டாயம் பார்க்கிறோம், மற்றவை நேரம் இருந்தால்.

அப்படியே பிள்ளைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள். அமெரிக்கப் பூங்காக்களில் 40 அங்குலம், 48 அங்குலம் என்ற எல்லைகளை அடிக்கடி பார்க்கலாம், அதாவது சுமார் 102, 122 சென்டிமீட்டர். ஒவ்வொரு ராட்டினத்துக்குமான அளவு பூங்காவின் இணையதளத்தில் இருக்கும். செருப்பில்லாமல் அளந்து பாருங்கள். வரிசையில் அரை மணி நேரம் நின்றபிறகு அளவுகோலின் முன்னால் ஒரு குழந்தையின் முகம் வாடுவதைப் பார்ப்பது மிகவும் கஷ்டம். அதை வீட்டிலேயே தவிர்க்க முடியும்.

உயரம் போதாத குழந்தை இருந்தால் 'மாற்றி ஏறும்' வசதியைக் கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும் முதலாமவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமலே ஏறலாம். பல பெரிய பூங்காக்களில் இது உண்டு. கேட்டால்தான் தெரியும்.

3. காலையில் தூரத்துப் பகுதிக்கு

கதவு திறந்ததும் கூட்டம் வாசலை ஒட்டிய பகுதியிலேயே தேங்கும். நீங்கள் நிற்காமல் கடைக்கோடிப் பகுதிக்குப் போய், அங்கிருந்து வாசலை நோக்கி வாருங்கள். புதிதாகத் திறந்த ராட்டினம் ஒன்றைக் கட்டாயம் ஏற வேண்டுமென்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றி, அதற்கு முதலில் போங்கள்.

4. பகுதிக்குள் நுழைந்ததும் வரிசைக்குப் போகாதீர்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. இரண்டு உலகங்கள் சந்திக்கிற எல்லையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பழைய பகுதியின் இசை தேய்ந்து புதியது எழும். இரண்டும் மோதாமல் இருக்க, நடுவில் சிலசமயம் ஓர் அருவி, ஒரு பாலம், ஒரு குகை வாசல் வைத்திருப்பார்கள். காலுக்குக் கீழே பாருங்கள். கல் பாவிய தரை மரப்பலகையாக மாறியிருக்கும். விளக்குக் கம்பம், பெயர்ப் பலகையின் எழுத்து, ஊழியர்களின் உடை, குப்பைத் தொட்டிகூட மாறும். 'என்னென்ன மாறிவிட்டது, ஐந்து சொல்லு பார்க்கலாம்' என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பெரியவர்கள் கவனிக்காததை எல்லாம் பிடித்துவிடுவார்கள்.

கட்டடங்களையும் அண்ணாந்து பாருங்கள். டிஸ்னிலேண்ட் கோட்டையின் உயரம் 77 அடிதான். கீழே பெரிய கற்கள், மேலே போகப் போகச் சின்னக் கற்கள் என்று அமைத்திருப்பதால் அது இன்னும் உயரமாகத் தெரிகிறது. நுழைவுத் தெருவின் மாடிகளையும் இதேபோல மேலே போகப் போகச் சிறிதாக்கிக் கட்டியிருக்கிறார்கள். இந்த வித்தையை ஒருமுறை தெரிந்துகொண்டால் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் கண் அதைத் தேடும்.

நெதர்லாந்தில் 1952-இல் தொடங்கிய எஃப்டெலிங் பூங்காவில் வாயைத் திறந்து 'காகிதத்தை இங்கே போடு' என்று கேட்கும் பொம்மைத் தொட்டிகள் இருக்கின்றன. அதற்காகவே பிள்ளைகள் காகிதம் பொறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். இதற்கெல்லாம் வரிசை கிடையாது.

இப்படி ஒரு சுற்று நடந்தபிறகு அந்தப் பகுதியின் பெரிய ராட்டினம் ஒன்று, அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஏறக்கூடிய சின்னது ஒன்று. அது போதும், அடுத்த பகுதிக்கு நகருங்கள்.

5. உச்சி வெயிலில்

அரங்க நிகழ்ச்சி, கூரைக்குள் ஓடும் இருட்டு ராட்டினம் இரண்டையும் மதியத்துக்கு வையுங்கள். தண்ணீர் ராட்டினத்துக்கு மாற்றுடை வேண்டும். வெயில் ஏறினால் அதன் வரிசையும் நீளும், அதனால் முற்பகலிலேயே முடித்துவிடுங்கள்.

6. தொலைந்தால் எங்கே நிற்பது?

ஒவ்வொரு பகுதியிலும் நுழைந்ததும் ஓர் அடையாளத்தைக் காட்டி, 'பிரிந்துவிட்டால் இங்கே வந்து நில்' என்று சொல்லுங்கள். காலையிலேயே பிள்ளைகளை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்கள் எண்ணை எழுதிய சீட்டு அவர்கள் பையில் இருக்கட்டும். சீருடை அணிந்த ஊழியர் எப்படி இருப்பார் என்று நேரில் காட்டிக் கொடுங்கள்.

7. இருட்டியபிறகு ஒரே ஒரு பகுதிக்குத் திரும்புங்கள்

கடைசி ஒரு மணி நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். காலையில் மிகவும் பிடித்துப்போன இடத்துக்கு மறுபடி போங்கள். விளக்கு போட்டதும் அதே இடம் வேறு மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் இந்தத் தேர்வு சின்னவளுடையது. போன தடவை அவள் ராட்டினம் எதையும் கேட்கவில்லை. காலையில் கடந்துவந்த மரப்பாலத்துக்கு அடியில் இப்போது வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். இருந்தது. பூங்கா மூடும் மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றோம்.