தவிட்டுக்குருவியும் சிரிப்பானும்: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், தக்கலை பக்கம் விளைகளில் (தோட்டங்களில்) சருகைக் கிளறிக்கொண்டு கூச்சல் போடும் தவிட்டுக்குருவியும், முத்துக்குழிவயல் சோலைக்காட்டுச் சிரிப்பானும் ஒரே குடும்பம். பெயர் லியோத்ரிக்கிடே. இமயமலை, தென்மேற்குச் சீனா, தென்கிழக்காசியா என இதன் இனங்களில் பெரும்பாலானவை ஆசியாவில்தான். கொஞ்சம் ஆப்பிரிக்காவிலும் உண்டு.

தவிட்டுக்குருவிக்குச் சிலம்பன் என்றும் பெயர். அதன் அலகு மஞ்சளாக இருந்தால் உடனே வெண்தலைச் சிலம்பன் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். காட்டுச் சிலம்பனுக்கும் அலகு மஞ்சள்தான்! தலையைப் பாருங்கள். உச்சந்தலை வெளிறி, தொண்டை கருத்துத் திட்டுத்திட்டாக இருந்தால் வெண்தலைச் சிலம்பன். குரலும் உதவும்: அதன் குரல் கீச்சென்று மெலிந்திருக்கும், காட்டுச் சிலம்பனின் குரல் கரகரக்கும். ‘ஏழு சகோதரிகள்’ என்ற பெயரை நம்பி, கூட்டத்தில் ஏழு இருக்கிறதா என்று எண்ணுவதில் பயனில்லை. ஆறும் இருக்கும், பத்தும் இருக்கும்.

கூட்டத்தின் நடுவே உருவத்தில் ஒட்டாத ஒரு குஞ்சு ஓயாமல் கத்தினால், வழிதவறி வந்தது என்று வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். அது பெரும்பாலும் சுடலைக்குயிலின் குஞ்சாகவோ அக்காக்குயிலின் குஞ்சாகவோ இருக்கும். இரண்டும் சிலம்பன் கூட்டில் முட்டையிடுபவை. முட்டையின் நீலம்கூட அப்படியே பொருந்தும். தீனி கொடுப்பதும் பெற்ற இருவர் மட்டுமல்ல, கூட்டத்தில் மற்றவையும் சேர்ந்துதான். நாம் புழு பிடித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

மலைக்குப் போனால் வேறொரு குழப்பம். பழைய கையேட்டை நம்பி, இங்குள்ள சிரிப்பானையும் பழனிமலைச் சிரிப்பான் என்றே குறித்துக்கொள்வார்கள். அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே இருப்பது அசம்புச் சிரிப்பான், தனி இனம். 2017இல் வந்த மரபணு ஆய்வு மேற்குத்தொடர்ச்சி மலைச் சிரிப்பான்களுக்கு மான்டிசிங்க்லா என்று தனிப் பேரினமே கொடுத்து, நான்கு இனங்களாகப் பிரித்தது. புருவத்தை மட்டும் கவனித்தால் போதும்: அசம்புச் சிரிப்பானின் வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டாது, பழனியுடையது பின்னால் நீளும்.

அப்புறம், சிரிப்பானைப் புதரிலிருந்து வெளியே வரவழைக்க செல்போனில் அதன் குரலையே போடுகிற வழக்கம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எல்லைக்குள் வேற்றாள் நுழைந்துவிட்டான் என்று இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு அலையும். பேசாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தால் கூட்டம் தானாகவே சத்தம் போட்டுக்கொண்டு அந்த வழியாக வரும்.

மலையேற முடியாதவர்கள் விளையில் விழும் சருகை முழுக்க வாரி எரிக்காமல் ஒரு மூலையில் விட்டுவையுங்கள். பூச்சி தேடித் தவிட்டுக்குருவிகள் அங்கே வரும்.