விடைத்தாளில் மதிப்பெண்ணுக்குப் பதில் என்ன எழுதலாம்?

தாள் கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் தன் மதிப்பெண்ணையும், அடுத்துப் பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். ஓரத்தில் ஆசிரியர் எழுதியதை யாரும் படிப்பதில்லை. 1988இல் கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் இஸ்ரேலில் 5, 6ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆகவே மதிப்பெண்ணைப் பதிவேட்டில் மட்டும் எழுதி, இரண்டு நாள் கழித்துச் சொல்லுங்கள். காலாண்டு, அரையாண்டுக்கு இது நடக்காது. வகுப்புத் தேர்வுக்குத் தாராளமாக நடக்கும்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? 20 − 3(4 − 6) என்ற கணக்கை ஒரு மாணவி 20 − 12 − 18 = −10 என்று முடித்திருக்கிறாள் என்று வையுங்கள். தவறு என்று பெருக்கல் குறி போட்டு, சரியான விடை 26 என்று எழுதிக் கொடுத்தால், பார்த்து எழுதிக்கொள்வாள், அவ்வளவுதான். ‘கவனம் தேவை’ என்பதும் வீண். அவள் கவனமாகத்தான் போட்டாள், குறி விதிதான் பிடிபடவில்லை. −18க்கு அடியில் கோடிட்டு இப்படி எழுதுங்கள்: “−12 சரி. −3ஐ −6ஆல் பெருக்கினால் என்ன குறி வரும்? இந்த வரியிலிருந்து மறுபடி போடு. பிறகு 15 − 2(3 − 7) போட்டுக் காட்டு.” எது சரி, எங்கே சறுக்கியது, இனி என்ன செய்வது, மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. ஆனால் விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

நாற்பது தாளுக்கும் இப்படி எழுத முடியாதுதான். முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பலரும் செய்யும் பிழைகள் பெரும்பாலும் மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும். அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்து, தாளில் எழுத்தை மட்டும் போட்டுவிட்டு, விளக்கத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். தனிக் குறிப்பு, வேறு மாதிரி தவறியவர்களுக்கு மட்டும்.

பிள்ளைகள் தங்கள் பிழைகளைத் திருத்த, வகுப்பிலேயே 15 நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் ஒருவர் திருத்தியதைப் பத்துப் பேர் காப்பியடித்து வருவார்கள்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். உளவியலாளர்கள் முல்லரும் ட்வெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகள், அடுத்து வந்த கடினமான புதிர்களில் தவறியதும் ஆர்வம் இழந்தார்கள். அதற்குப் பின் மதிப்பெண்ணும் குறைந்தது. உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். ‘படம் வரைந்து பார்த்தது நல்ல வழி’ என்று செய்ததைச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி உரக்கப் படிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு அதற்குமேல் கணக்கு ஞாபகம் இருக்காது.

தாள் முழுக்கப் பிழையாக இருந்தால் எல்லாவற்றையும் சிவப்பாக்க வேண்டாம். மற்றப் பிழைகளுக்கு மூலமாக இருக்கும் ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். அடுத்த தேர்வில் அதே வகைக் கணக்கு ஒன்றை வைத்தால், எழுதிய குறிப்பு வேலை செய்ததா என்று தெரிந்துவிடும்.